நான்காவது வீடு

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை நடக்கப் பழகும் முன்பே அவளுடைய வீட்டுக் கணக்குத் தொடங்கிவிடும். கலியாணத்தின் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணுக்கு ஒரு வீடு இருக்க வேண்டும். புதிதாகக் கட்ட வசதியில்லாத பெற்றோர் தாங்கள் இருக்கும் வீட்டையே மகளுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் ஓரத்தில் சிறியதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இது சரியா பிழையா என்று நாம் விவாத மேடைகளில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். நானும் சீதனத்துக்கு எதிரான அணியில் நின்று பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த ஒதுங்கிய சின்ன வீட்டுக்குள் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பது பற்றி அன்று ஒரு வரிகூட நான் பேசவில்லை.

என் மூத்தம்மாவுக்கு, அதாவது உம்மாவின் உம்மாவுக்கு, மூன்று பெண்மக்களும் ஒரு மகனும். பெரியம்மாவுக்கு ஒரு வீடு, உம்மாவுக்கு ஒரு வீடு, கடைசியாகச் சாச்சிக்குத் தாங்கள் வாழ்ந்த பெரிய வீடு என்று மூன்று வீடுகளையும் கொடுத்து முடித்தபோது மிஞ்சியது வளவின் கடைசித் துண்டு. அதற்கு அப்பால் நிலம் இல்லை, ஆறுதான்.

ஆறு என்று நாங்கள் சொல்வது மட்டக்களப்பு வாவியை. புத்தகத்தில் அது வாவி. சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோடு கலக்கும் உவர்நீர். எங்கள் ஊரில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்பதால் கடற்கரை, ஆற்றங்கரை என்று சொன்னால் போதும், இடம் விளங்கிவிடும். அந்த ஆற்றங்கரைத் துண்டில் மூத்தவாப்பா இரண்டு அறையும் குசினியும் பின் விறாந்தையுமாக ஒரு வீடு கட்டினார். 2011 ஜனவரி வெள்ளம் வந்து போன கையோடு கட்டியதால் அத்திவாரத்தை நன்றாக உயர்த்திவிட்டார். முன்னாலும் பின்னாலும் மூன்று மூன்று படிகள். மூத்தவாப்பா மௌத்தானபின் மூத்தம்மா இத்தா இருந்ததும் அந்த வீட்டில்தான். அதன்பிறகு அங்கே தனியாகவே இருந்தார். சாச்சியின் வீட்டுக்கும் மூத்தம்மாவின் வீட்டுக்கும் இடையில் ஒரு தகர வேலி, அதில் ஒரு கடப்பு.

சென்ற வருடம் மாரி மழைக்காலத்தில் ஒருநாள் சுபஹுக்கு முன் மூத்தம்மா வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவி, கை கழுவி, தலை தடவி, ஒரு காலைத் தூக்கிக் கழுவும்போது மற்றக் கால் பாசியில் வழுக்கிவிட்டது. சத்தம் கேட்டுச் சாச்சி ஓடி வந்தபோது மூத்தம்மா சீமெந்துத் தரையில் கிடந்தார். இடது இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. 74 வயது. சத்திர சிகிச்சை முடிந்து வைத்தியசாலையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். வோக்கரைப் பிடித்து மெல்ல மெல்ல நடக்கலாம், ஆனால் குந்தக் கூடாது, நிலத்தில் உட்காரக் கூடாது, படி ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆறு கிழமைக்குப் பின் ஒரு வெள்ளிக்கிழமை குடும்பம் முழுக்க எங்கள் வீட்டில் கூடியது. கொழும்பிலிருந்து மாமாவும் வந்திருந்தார். “ஆற்றங்கரை வீட்டைப் பூட்டிப் போடுவம். உம்மா என்னோட கொழும்புக்கு வரட்டும், இல்லாட்டி இஞ்சயே இரிக்கட்டும்” என்றார். மாமா இருப்பது இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீடு. உம்மா, “இஞ்சயே இரிக்கட்டும், நான் பாக்கன்” என்றார். எல்லோரும் சேர்ந்து நல்லதைத்தான் பேசினார்கள். கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்த மூத்தம்மா கடைசியில் சொன்னது ஒன்றுதான்:

“நான் என்ட ஊட்டுக்குப் போறன்.”

யாரும் பதில் சொல்லவில்லை. உம்மா அழுதார். தன் வீட்டில் என்ன குறை என்று அவருக்குக் கவலை. எனக்கு மூத்தம்மா மேல் சற்றுக் கோபம்கூட வந்தது. அன்றிரவு நித்திரை வரவில்லை. உயர்தரத்தில் நான் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறேன். கட்டடப் படம் கீறப் பழகியிருக்கிறேன். அந்த வீடு மூத்தம்மாவுக்குப் பொருந்தவில்லை என்றால், பொருந்துமாறு அதை மாற்ற முடியாதா என்று தோன்றியது. அடுத்த நாள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன்.

இரண்டு கிழமையில் என் படம் தயாரானது. அதை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. முன் வாசலில் படிகளுக்குப் பதிலாகச் சாய்தளம். சாய்தளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: 1 அங்குலம் உயர 12 அங்குலம் நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் வோக்கரோடு ஏறுபவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது வோக்கர் ஓடும். எங்கள் அத்திவாரம் 21 அங்குலம். ஆகவே சாய்தளம் 21 அடி. முன்வளவோ 14 அடிதான். எனவே நடுவில் ஒரு தட்டுப் போட்டு மடக்கிக் கீறினேன். அறைக்குப் பக்கத்திலிருந்த சாமான் அறையைக் குளியலறையாக்கினேன். 27 அங்குலக் கதவுகளை 36 அங்குலமாக்கினேன். 900 மில்லிமீற்றருக்குக் குறையாத வாசல் இருந்தால் வோக்கரும் போகும், நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் போகும். குந்தும் மலசலகூடத்துக்குப் பதிலாகக் கொமட், பக்கத்தில் கைபிடி. வாப்பா பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். “மாஷா அல்லாஹ்” என்று பதில் வந்தது.

மூத்தம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு நீண்ட நேரம் பார்த்தார். “நல்லாரிக்கி புள்ள” என்று திருப்பித் தந்தார். அவ்வளவுதான். அந்த “நல்லாரிக்கி” எனக்குச் சரியாகப் படவில்லை. சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் மூத்தம்மா அப்படித்தான் சொல்வார்.

அந்த நாட்களில் பாடசாலை ஒப்படை ஒன்றுக்காக மினட் டி சில்வாவைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். 1918இல் கண்டியில் பிறந்தவர். இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் 1948இல் இணைந்த முதல் ஆசியப் பெண்ணும் அவர்தான். கண்டி வட்டாப்புளுவவில் வீட்டுத் திட்டம் ஒன்றை அமைத்தபோது, குடியிருக்கப் போகிறவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன வேண்டும் என்று கேட்டறிந்துதான் வீடுகளைக் கீறினாராம். அதை வாசித்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டேன். வீட்டின் எல்லாச் சுவரையும் அளந்திருந்த நான் மூத்தம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை!

அன்று மாலையே அப்பியாசக் கொப்பியில் இருபது கேள்வி எழுதிக்கொண்டு மூத்தம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

“மூத்தம்மா, ஒரு நாளைக்கு முன் வாசலால எத்தின தரம் வெளிய போவீங்க?”

மூத்தம்மா சிரித்தார். “முன் வாசலாலயா? நான் எங்க போற? பெருநாளைக்கு ஒருக்கா, மௌத்து வீட்டுக்கு ஒருக்கா.”

“அப்ப எதால போவீங்க?”

“பின்னாலதான். கடப்பால.”

அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் ஆண்கள் வருவது தெருவால், பெண்கள் வருவது கடப்பால். சாச்சி சோறு கொண்டுவருவது அதனால்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவதும் கறிவேப்பிலை கேட்பதும் கதை பேசுவதும் அதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அஸருக்குப் பின் பதினொரு சின்னப் பிள்ளைகள் ஓத வருவதும் அந்தக் கடப்பால்தான். முப்பது வருடத்துக்கு மேலாக மூத்தம்மா குர்ஆன் ஓதிக் கொடுக்கிறார். நானும் அந்தப் பின் விறாந்தையில்தான் அலிஃப், பே படித்தேன். ஆனால் என் படத்தில் பின் விறாந்தை ஒரு வெறும் செவ்வகம். கடப்பை நான் கீறவேயில்லை.

“ஒனக்கு என்ன செய்யேலுமோ செய் மகள். அந்தக் கடப்ப மட்டும் அடச்சிராத” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “இன்னொண்டு” என்றார். “நிலத்துல இரிக்கப்படாதெண்டு சொல்லிட்டாங்க. நான் கதிரையில இரிந்தா புள்ளைகள் கீழ பாயில இரிக்கும். அப்ப குர்ஆன் என்ட காலடியிலயா இரிக்கிற?”

இத்தனை நாளும் மூத்தம்மா யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான். இடுப்பு வலியையும் தனிமையையும்விட இதுதான் அவர் மனதை அரித்திருக்கிறது. எங்கள் வீட்டில் அவருக்குக் கட்டில் இருந்தது, மருந்து இருந்தது, பார்க்க ஆள் இருந்தது. ஓத வரும் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் அவர் நோயாளி. அவருடைய வீட்டில்தான் அவர் ஓதுவிக்கிறவர்.

நான் படத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகக் கீறினேன்.

சாய்தளம் முன்னாலிருந்து பின்னால் போனது. பின் விறாந்தையின் முனையிலிருந்து வேலி ஓரமாகக் கடப்புவரை அளந்தால் 27 அடி இருந்தது. 21 அடிச் சாய்தளத்தை மடக்காமல் நேராகவே போடலாம். கீழே நின்று திரும்ப 6 அடித் தட்டையான நிலமும் மிஞ்சும். முன்வளவில் நான் பட்ட பாடெல்லாம் வீண். மூத்தம்மா கேட்ட இடம்தான் கணக்குக்கும் இலகுவான இடமாக இருந்தது.

விறாந்தையில் சுவரோடு சேர்த்து ஒரு நீளத் திண்ணை, அதற்கு முன்னால் குர்ஆன் வைக்கும் பலகை, எதிரில் பிள்ளைகளுக்கு வாங்கு. எல்லோரும் ஒரே உயரத்தில் இருக்கலாம், குர்ஆன் எல்லோருக்கும் மேலான உயரத்தில் இருக்கும்.

வுழூச் செய்யக் குளியலறைக்குள் 18 அங்குல உயரத்தில் ஓர் இருக்கை, முழங்கால் உயரத்தில் பைப், கால் நீட்டிக் கழுவச் சரிவான சின்னத் தளம். மினுங்கும் டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானதுதான். இனி ஒற்றைக் காலில் நிற்கத் தேவையில்லை. கொமட்டைப் பற்றியும் மூத்தம்மா ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். நான் அதைக் கிப்லாவுக்கு முதுகு காட்டும்படி கீறியிருந்தேன். எங்கள் ஊரில் கிப்லா ஏறக்குறைய மேற்கு. ஆகவே கொமட்டை வடக்குத் தெற்காகத் திருப்பினேன். கழிவுக் குழாயைப் பழைய குழிக்கே கொண்டு போனோம். அது கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளி இருந்தது.

கடைசிக் கேள்விக்கு மூத்தம்மா சொன்ன பதில் இப்போதும் காதில் இருக்கிறது. “யன்னலப் பத்தி ஏதும் சொல்லணுமா?” என்று கேட்டேன். “கதிரையில இரிந்து தொழுதா ஆறு தெரியுமா?” என்று திருப்பிக் கேட்டார். கதிரையைப் போட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன். யன்னலின் அடிக்கட்டு மூன்றரை அடி உயரம். வானம் மட்டும்தான் தெரிந்தது. ஆறு மேற்கே இருக்கிறது, கிப்லாவும் மேற்கே. இத்தனை வருடமும் தொழுது ஸலாம் கொடுத்து எழும்பியதும் மூத்தம்மா பார்த்தது அந்தத் தண்ணீரைத்தான். யன்னலை இரண்டடிக்கு இறக்கினேன். ஆனால் மேற்கு வெயிலும், வைகாசிக்குப் பின் வீசும் கச்சான் காற்றின் சூடும் நேரே உள்ளே வரும் என்று வாப்பா சொன்னதால் வெளியே நாலடித் தாழ்வாரம் இறக்கினோம்.

படம் முடிந்தது. பணம்?

மாமா கொமட்டுக்கும் டைல்ஸுக்கும் அனுப்புவதாகச் சொன்னார். பெரியம்மா தன் சீட்டுக் காசைத் தந்தார். சாச்சி வேலைக்காரருக்குச் சாப்பாடு. கல்லும் சீமெந்தும் மிஞ்சின. எங்கள் வளவின் மூலையில் 800 சீமெந்துக் கற்கள் தறப்பாளால் மூடி அடுக்கியிருந்தன. வாப்பா கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தவை. அவை எனக்குக் கட்டப்போகும் வீட்டுக்கு. அதைப் பற்றி நாங்கள் யாரும் சத்தமாகப் பேசியதில்லை.

“வாப்பா, அந்தக் கல்லில முந்நூறு எடுப்பமா?” என்று கேட்டேன்.

வாப்பா என்னைப் பார்க்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார். “அது ஒன்ட கல்லு” என்றார்.

“அதனாலதான் கேக்கன்.”

உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். “திருப்பி வாங்க எவ்வளவு காலம் போகும் தெரியுமா?” என்றார். தெரியும். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மேடையில் சீதனத்தைப் பற்றிப் பேசுவதும் என் பெயரில் அடுக்கிய கல்லைத் தூக்கிக் கொடுப்பதும் ஒன்றல்ல என்று அன்றுதான் கண்டேன். அடுத்த நாள் காலை ட்ரெக்டர் வந்து நின்றது. வாப்பா ஒன்றும் சொல்லாமல் தறப்பாளை அவிழ்த்தார்.

மேசன் காக்கா என் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். “தொள்ளாயிரம் மில்லிமீற்றர் எண்டா எத்தின அடி புள்ள?” என்று கேட்டார். எல்லாவற்றையும் அடிக்கும் அங்குலத்துக்கும் மாற்றி மீண்டும் எழுதிக் கொடுத்தேன். அவரிடம் நான் படித்தவையும் உண்டு. ஆற்றங்கரை மண் இளகியது; வெள்ளம் வந்தால் சாய்தளத்தின் அடிமண்ணை அரித்துக்கொண்டு போகும். ஆகவே கருங்கல் போட்டு அடியை இறுக்கினார். நான் எழுதியிருந்த இரும்புக் கைபிடியை வேண்டாமென்றார். உவர்க்காற்று இரண்டு மாரியில் தின்றுவிடுமாம். துருப்பிடிக்காத ஸ்டீல் குழாய் வாங்கினோம்.

அதிலும் நான் ஒரு பிழை விட்டேன். புத்தகத்திலிருந்த 36 அங்குல உயரத்தை அப்படியே கொடுத்தேன். மூத்தம்மாவின் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். அவரைக் கூட்டிவந்து பிடிக்கச் சொன்னபோது தோள் மேலே எழும்பியது. மேசன் காக்கா முகம் சுளிக்காமல் கழற்றி 32 அங்குலத்துக்கு இறக்கிப் பூட்டினார்.

மாமாவின் பயம் மட்டும் மிச்சம் இருந்தது. வெள்ளம் வந்தால்? அது நியாயமான கேள்வி. 1978 நவம்பர்ச் சூறாவளி, 2004 சுனாமி, 2011 வெள்ளம் என்று மூன்றையும் கண்ட ஊர் இது. ஆற்றங்கரையில் அழகுக்கு ஒரு விலை உண்டு. ஆகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வளவின் கடைசியில் ஒரு கட்டை நட்டுச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டாலோ, சூறாவளி எச்சரிக்கை வந்தாலோ, மூத்தம்மா மறுபேச்சில்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். முன்வாசல் படிகளை அப்படியே விட்டு இரண்டு பக்கமும் கைபிடி வைத்தோம். அவசரத்துக்குக் கதிரையோடு இரண்டு பேர் தூக்கித் தெருவுக்குக் கொண்டு போகலாம். மூத்தம்மா சம்மதித்தார். “தண்ணி வாறத்துக்கு முதல் நான் பெட்டி கட்டிப்போடுவன்” என்றார்.

மூத்தம்மா வீட்டுக்குத் திரும்பிய நாள், நாங்கள் முன்வாசலில் காத்து நின்றோம். அவர் அங்கே இறங்கவே இல்லை. சாச்சி வீட்டு வளவுக்குள்ளால் போய்க் கடப்பால் வந்து, வோக்கரைச் சாய்தளத்தில் வைத்து, 21 அடியையும் தனியாக ஏறினார். நடுவில் ஒருதரம் நின்றார். உம்மா பிடிக்கப் போனார். “விடு மகள், ஆத்தப் பாக்கன்” என்றார்.

அஸருக்குப் பின் பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் புதிய வாங்கில் இருக்க வேண்டுமென்று சண்டை பிடித்தார்கள். சிலர் சாய்தளத்தில் ஓடி ஓடி இறங்கினார்கள். மூத்தம்மா திண்ணையில் இருந்து அதட்டும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. எத்தனையோ நாட்களுக்குப் பின் கேட்ட அந்த அதட்டலில் உம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

எங்கள் மூலையில் இப்போது 500 கற்கள்தான் இருக்கின்றன. வாப்பா மாதம் மாதம் மீண்டும் வாங்குகிறார். நான் தடுக்கவில்லை, ஊர் வழக்கத்தை ஒரே நாளில் என்னால் மாற்ற முடியாது. ஆனால் ஒன்று சொல்லியிருக்கிறேன்: என் வீடு எப்போது எழும்பினாலும் அதில் வாசலோடு சமமாக ஓர் அறை இருக்கும், 36 அங்குலக் கதவோடு. அது உம்மாவுக்கும் வாப்பாவுக்கும். அவர்கள் வளவின் ஓரத்துக்கு ஒதுங்க வேண்டாம். உம்மா இதைக் கேட்டுவிட்டு, “எங்களுக்கு அந்த அறை வேணுமா எண்டு கேட்டயா?” என்றார்.

நான் மீண்டும் கொப்பியை எடுத்தேன்.

இதை வாசிக்கும் தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தம்மாவோ வாப்பும்மாவோ இருப்பார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வாசலால் போவீர்கள், எங்கே இருந்து தொழுவீர்கள், எதைப் பார்க்க ஆசை என்று கேளுங்கள். “எனக்கு ஒண்டும் வேணாம் புள்ள” என்றுதான் முதலில் சொல்வார்கள். எழும்பிவிடாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்.